ஆறாத கால்

உங்கள் அப்பாவுக்கு வெங்காயம் ஆகாது என்று நீங்கள் சொன்னது சரியில்லை. நீங்கள் குழந்தையாக இருந்தபோது அப்படி இருந்திருக்கலாம். என் வீட்டில் இருந்த பத்து வருடத்தில் வெங்காய சூப் வைத்த நாளெல்லாம் அவர் இரண்டாவது கிண்ணம் கேட்டார். வெங்காயத்தை வெண்ணெயில் போட்டுவிட்டு, அது தேன் நிறத்துக்கு வரும்வரை அடுப்பைவிட்டு நகரக்கூடாது. தீயைக் கூட்டினால் கசந்துவிடும். எக்ஸிட்டரில் உங்கள் வீட்டுச் சமையல்காரிக்கு அவ்வளவு பொறுமை இருந்திருக்காது. இதை நீங்கள் வந்திருந்த அன்றே சொல்லியிருப்பேன். நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள், உங்கள் சித்தப்பா வண்டிக்கு நேரமாகிறதென்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். விட்டுவிட்டேன்.

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்து எழுதிய கடிதம் வந்தது, கெஸியா. கல்லறைக் கல்லில் வெட்டவேண்டிய வாசகத்தையும் தனித்தாளில் அழகாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அப்பாவின் பெயர், பிறந்த ஊர், கீழே என் பெயர். எதிரி நாட்டில் உடன்பிறந்தவளைப் போல அவரைக் காத்த விதவை ஒடீல் வார்னியேவுக்கு நன்றி. கல்தச்சர் இருமுறை வந்து கேட்டுவிட்டார். இன்னும் நான் தாளைக் கொடுக்கவில்லை. இதைப் படித்த பிறகு என்ன வெட்டுவது என்று நீங்களே எழுதுங்கள். எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

பாதிரியாரிடம் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். எங்கள் பாதிரியாருக்குக் காது மந்தம். அவரிடம் பாவத்தைச் சொன்னால் சந்தைக்கே கேட்கும். தவிர, இது அவருக்குச் சொல்லவேண்டிய விஷயமும் இல்லை.

உங்கள் அப்பா வந்தது ஆயிரத்து எண்ணூற்று மூன்றாம் வருடம், டிசம்பரில். இங்கிலாந்துக்காரர்கள் வண்டி வண்டியாக எங்கள் வெர்டன் ஊரில் வந்து இறங்கினார்கள். சிப்பாய்கள் இல்லை. பாரிஸ் பார்க்க வந்தவர்கள், மனைவிக்குத் துணி வாங்க வந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள். வந்த இடத்தில் சண்டை மூண்டுவிட்டது. பதினெட்டு வயதுக்கு மேல் அறுபதுக்குள் இருக்கும் இங்கிலாந்து ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் கைதி என்று எங்கள் பேரரசர் சொல்லிவிட்டார். வரைபடங்களைச் செப்புத்தகட்டில் செதுக்கும் உங்கள் அப்பா, பாரிஸில் பழைய வரைபடங்களைப் பார்க்க மூன்று வாரத்துக்கு வந்தவர். ஆறு சட்டை கொண்டுவந்திருந்தார். அவற்றில் கடைசிச் சட்டையை நான்தான் கிழித்துத் துணிக்கட்டாக்கினேன். அது பிறகு.

வண்டியிலிருந்து இறங்கும்போது இரும்புப் படியில் இடித்து, இடது முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அந்தக் காலோடுதான் என் வாசலில் வந்து நின்றார்.

"மதாம், ஒரு மூணு வாரத்துக்குத்தான் அறை வேணும். அதுக்குள்ள எங்களை அனுப்பிடுவாங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டு வர்றாங்க, ஐயா. படியில குனிஞ்சு ஏறுங்க, உத்தரம் இடிக்கும்."

இடித்துக்கொண்டார். அதன்பிறகும் ஒரு வருடம் தினமும் இடித்துக்கொண்டார். தான் அங்கே தங்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவரை அவருக்கு அந்த உத்தரம் பழகவில்லை.

என் கணவர் இத்தாலிப் போரில் போய்விட்டார். வீட்டில் நானும் என் மகன் ரெமியும்தான். அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. உங்கள் அப்பா அவனுக்கு ஆங்கிலமும் கோடு வரையவும் சொல்லிக்கொடுத்தார். என் சாப்பாட்டு மேசையில் இருவரும் சேர்ந்து உங்கள் எக்ஸிட்டர் ஊரை வரைந்தார்கள். ஆறு, பாலம், உங்கள் தெரு, உங்கள் வீடு. "இது என் பொண்ணு உக்கார்ற ஜன்னல்" என்று ஒரு புள்ளி வைத்தார். அந்தப் புள்ளிதான் நீங்கள்.

கைதிகள் காலையும் மாலையும் போய்த் தங்கள் பெயருக்கு ஆஜர் சொல்ல வேண்டும். மழையானாலும் பனியானாலும். அவர் வந்த மூன்றாம் வருடம், கடலில் பிடிபட்டுக் கைதிகளாக இருந்த இரண்டு இளம் கப்பல் அதிகாரிகள் மதிலேறித் தப்பிவிட்டார்கள். அதன்பின் நடக்கத் தெம்புள்ளவர்களையெல்லாம் பட்டியல் எடுத்து, நான்கு நாள் நடையில் இருக்கும் எல்லைக் கோட்டைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அங்கே பாறைக்குள் குடைந்த அறைகள். சுவரில் தண்ணீர் வடியும் என்பார்கள்.

ஆறுவதும் வெடிப்பதுமாக இழுத்துக்கொண்டிருந்த உங்கள் அப்பாவின் புண் அப்போதுதான் ஆறிக்கொண்டிருந்தது. அவர் காலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"டாக்டர் வியாழக்கிழமை வர்றார், ஒடீல். இவ்வளவு அழகான காலைப் பார்த்தா என்னையும் பட்டியல்ல போட்டுடுவார்."

"அழகைக் கெடுக்கிறது ஒண்ணும் கஷ்டம் இல்லை, ஐயா."

விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் எனக்கு வழி தெரிந்திருந்தது. எங்கள் பக்கத்து வேலிகளில் ஒரு கொடி படரும். கோடையில் வெள்ளையாகப் பூக்கும், குளிர்காலத்தில் பஞ்சு பஞ்சாக நிற்கும். பிச்சைக்காரர் கொடி என்று பெயர். அதன் இலையைக் கசக்கிச் சாறெடுத்துத் தோலில் தடவினால் கொப்புளித்துப் பார்க்கச் சகிக்காத புண்ணாகிவிடும். நான் சிறுமியாக இருந்தபோது கோவில் வாசலில் பிச்சைக்கு உட்காரும் ஒருத்தி திருவிழாவுக்கு முந்தின நாள் எங்கள் கொட்டகையில் வந்து அதைச் செய்துகொள்வாள். நான் அவளுக்குத் துணி பிடித்திருக்கிறேன்.

முதல் தடவை உங்கள் அப்பாவுக்குத் தெரிந்தேதான் செய்தேன். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கொடியைக் காட்டினேன், சாறு பிழிவதைப் பார்த்தார், காலை நீட்டினார். வியாழக்கிழமை டாக்டர் வந்து கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, நடக்கத் தகுதியில்லை, ஆஜர் சொல்ல வரவேண்டியதில்லை என்று எழுதிக்கொடுத்தார். அவர் படியிறங்கிப் போனதும் நாங்கள் மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ரெமி டாக்டரைப் போல மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்து காட்டினான்.

அதிலிருந்து டாக்டர் வரும் வாரங்களில் மட்டும் செய்தோம். இரண்டு வருடம் கழித்து, கைதிகளுக்குப் பொறுப்பாக இருந்த பழைய தளபதி போய்க் கொஞ்சம் நல்லவராக ஒருவர் வந்தார். உங்கள் அப்பா, "போதும், ஒடீல். இனிமே வேணாம். வலி தாங்கல" என்றார். நிறுத்திவிட்டேன். கால் ஆறிவிட்டது. ஆற்றங்கரைவரை கைத்தடியில்லாமல் நடந்துவிட்டு வந்தார்.

அதற்குள் ரெமியைச் சீட்டுக் குலுக்கிப் படைக்கு எடுத்துவிட்டார்கள். கப்பலில் போட்டார்கள். அந்தக் கப்பலை உங்களவர்கள் பிடித்துவிட்டார்கள். ஆயிரத்து எண்ணூற்று ஒன்பதின் இலையுதிர்காலத்தில் அவனிடமிருந்து கடிதம் வந்தது. டார்ட்மூரில், மேட்டுச் சதுப்பின் நடுவே புதிதாகக் கட்டிய கருங்கல் சிறையில் இருந்தான். உங்கள் அப்பா கடிதத்தை வாங்கி இருமுறை படித்தார்.

"ஒடீல், இது எங்க ஊர்ப் பக்கம்தான். டொர்கஸ் சரக்கு வண்டியில போனா ரெண்டு நாள்ல போயிடுவா. இன்னிக்கே எழுதறேன்."

உங்கள் அம்மா போனார்கள். ஒரு தடவை இல்லை. அந்தக் குளிர்காலத்தில் நான்கு தடவை. சிறை வாசலில் நடக்கும் சந்தையில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று ரொட்டியும் கம்பளிக் காலுறையும் கொடுத்தார்கள். ஒருமுறை நீங்களும் போனீர்கள். ரெமி உங்களுக்கு மாட்டெலும்பில் செதுக்கிய ஒரு சின்னக் கப்பலைத் தந்தான். அது இன்னும் உங்களிடம் இருப்பதாகச் சொன்னீர்கள். அதைக் கேட்டபோது நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இனி நான் சொல்லப்போவதைக் கணக்காக யோசித்தால் உங்களுக்கும் நியாயமாகத்தான் படும். அந்தக் குளிர்காலத்தில் ஊரெல்லாம் ஒரே பேச்சு, கைதிகளை இரண்டு தேசமும் மாற்றிக்கொள்ளப்போகிறார்கள் என்று. ஊர் பார்க்க வந்தவர்கள்தான் முதலில் போவார்கள் என்றார்கள். உங்கள் அப்பா பெட்டியைத் தூசி தட்டி வைத்தார். நான் அடுப்படியில் நின்று யோசித்தேன். இவர் வீடு போய்ச் சேர்ந்துவிட்டால் உங்கள் அம்மா எதற்காக இரண்டு நாள் பனியில் வண்டியில் போய் ஒரு பிரெஞ்சுக்காரியின் பையனுக்கு ரொட்டி கொடுக்கவேண்டும். அவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் கணவன் வந்துவிட்ட வீட்டில் வேலை அதிகம். இவர் இங்கே என் கையில் இருக்கும்வரை என் பிள்ளை அங்கே பட்டினி கிடக்கமாட்டான். அவ்வளவுதான். எந்தத் தாயும் இப்படித்தான் நினைப்பாள்.

நடக்க முடியாதவர்களை அனுப்பமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். மதில் ஓரத்துக் கொடியில் காய்ந்த இலைதான் இருந்தது. வெந்நீரில் ஊறவைத்தால் அதுவும் போதும். பன்றிக்கொழுப்பில் குழைத்து, தழும்பு வறண்டிருக்கிறது, களிம்பு தடவுகிறேன் என்றேன்.

மூன்றாம் நாள் அவர் சொன்னார், "என்ன ஒடீல், பழைய எதிரி திரும்பி வந்துட்டான்."

"குளிருக்கு அப்படித்தான் வெடிக்கும், ஐயா."

கைதி மாற்றம் நடக்கவில்லை. பேச்சு முறிந்துவிட்டது. அதனால் அந்த முறை நான் செய்தது யாருக்கும் நஷ்டமில்லை.

ஏப்ரல் மாதம் ஒரு கடிதம் வந்தது. உங்கள் அப்பாவால் நடக்க முடியாததால் தளபதியின் அலுவலகத்தில் அவருடைய கடிதங்களை நான்தான் போய் வாங்குவேன். இது என் பெயருக்கே வந்திருந்தது. எழுதியது நீங்கள். உங்கள் அம்மா சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடப் பிரெஞ்சில், மூன்று இடத்தில் அடித்துத் திருத்தி எழுதியிருந்தீர்கள். மார்ச் மாதத்தில் சிறையில் காய்ச்சல் பரவியது. உங்கள் அம்மா போனபோது ரெமி கம்பிக்கு வரவில்லை. அடுத்த நாளும் நின்று பார்த்தார்கள். காவல்காரன் ஒருவன் வந்து சொல்லியிருக்கிறான். சுவருக்கு வெளியே சதுப்பில் புதைத்துவிட்டார்கள். கடிதத்துக்குள் அவனுடைய முடி கொஞ்சம் இருந்தது. அந்தக் காவல்காரனிடம் கெஞ்சி வாங்கி அனுப்பியிருந்தார்கள் உங்கள் அம்மா.

ஆற்றுப் பாலத்தில் நின்று படித்தேன். பிறகு சந்தைக்குப் போய் சூப்புக்கு வெங்காயத்தாள் வாங்கினேன். வீட்டுக்கு வந்து மேலே ஏறினால் உங்கள் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"ரெமிகிட்டருந்து ஏதாவது வந்துச்சா?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். "வந்துச்சு" என்றேன். "நல்லா இருக்கானாம். உங்க வீட்டம்மா பின்னிக் குடுத்த காலுறை ரொம்பப் பெரிசா இருக்காம்."

அவர் சிரித்தார். "டொர்கஸுக்கு அளவே தெரியாது. எனக்கும் அப்படித்தான் பின்னுவா. ரெண்டு கால் போகும் ஒரு உறையில."

எனக்கும் சிரிப்பு வந்தது, கெஸியா. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கீழே அடுப்படியில் ரெமி செத்துப்போயிருந்தான். மேலே அந்த அறையில் பெரிய காலுறையைப் போட்டுக்கொண்டு உயிரோடு இருந்தான். உலகத்தில் அந்த ஓர் அறையில்தான் இருந்தான். நான் அடிக்கடி மேலே போனேன்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தது. உங்கள் அப்பா வீட்டுக்கு எழுதினால் ரெமியைப் பற்றி விசாரிப்பார், உங்கள் அம்மா பதில் எழுதிவிடுவார்கள். ஆகவே அவர் என்னிடம் கொடுத்த கடிதங்களை அலுவலகத்தில் சேர்க்கவில்லை. படிக்கவும் இல்லை. பிறருடைய கடிதத்தைப் படிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. துணிப்பெட்டியில் போட்டு வைத்தேன். முப்பத்தொன்று இருக்கிறது. எல்லாவற்றையும் இத்துடன் அனுப்புகிறேன். உங்கள் வீட்டிலிருந்து வந்தவற்றையும் அவரிடம் காட்டவில்லை. கடலெல்லாம் அடைத்துவிட்டார்கள், தபால் வருவதில்லை என்றேன். உங்களுக்கு நான் எழுதினேன். உங்கள் அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, அவர் சொல்ல நான் எழுதுகிறேன் என்று. என் மகளே, ஜன்னலோரம் உட்கார்ந்து படி, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே என்று ஒரு கடிதத்தில் இருக்குமே. அவற்றையெல்லாம் நாடாவில் கட்டித் தலையணைக்கு அடியில் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அவற்றை அவர் சொல்லவில்லை. ஆனால் சொல்லியிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார். பக்கத்திலேயே இருந்தவள், எனக்குத் தெரியும்.

அடுத்த வருடம் வசந்தத்தில் கடிதம் வாங்கப் போனேன். குமாஸ்தா லபோர்த் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"வார்னியே அம்மா, உங்க வீட்டு நொண்டிக்கு அதிர்ஷ்டம் அடிச்சிடுச்சு. பாரிஸ்லருந்து விடுதலை வந்திருக்கு. வயசானவங்க, கால் விளங்காதவங்கன்னு பன்னெண்டு பேருக்கு. இந்தாங்க. நாப்பது நாளைக்குள்ள துறைமுகம் போய்ச் சேரணும்."

"அவருக்கு ஜுரம், தம்பி. எழுந்திருக்கவே முடியலை."

"அடடா. அப்ப தேதி போயிடுமே. வண்டியில படுக்கவெச்சுக் கூட்டிட்டுப் போக முடியாதா?"

"வழியிலயே போயிடுவார்."

"சரி, தேறினதும் சொல்லுங்க. வேற கேட்டுப் பாக்கலாம்."

அவனை மறு மாதம் படைக்கு எடுத்துவிட்டார்கள். அவன் ரஷ்யாவுக்குப் போனான், வரவில்லை. அந்தத் தாளைப் பற்றி அதன்பிறகு யாரும் என்னிடம் கேட்கவில்லை. அதையும் இத்துடன் வைத்திருக்கிறேன். முத்திரை கலையாமல் இருக்கிறது. அதில் காரணம் என்ற இடத்தில், குணமாகாத கால்புண் என்று எழுதியிருக்கிறது. அந்தக் காரணத்தைக் கொடுத்தது நான்தானே என்று சில சமயம் எனக்குத் தோன்றும்.

நீங்கள் கேட்பீர்கள், ரெமிதான் இல்லையே, பிறகு எதற்கு என்று. நானும் கேட்டுக்கொண்டேன். அவரை அனுப்பியிருந்தால் எக்ஸிட்டரில் முதல் நாளே உங்கள் அம்மா சொல்லியிருப்பார்கள். அப்புறம் இந்த உலகத்தில் ரெமி எங்கே இருப்பான்.

அதனால் கால் ஆற ஆறத் தடவினேன். கொஞ்சமாகத்தான். அவருக்குக் காய்ச்சல் வரும் அளவுக்குப் போனதில்லை, இரண்டு தடவையைத் தவிர. வலியில் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, "ரெமி இப்ப என்ன செய்யறான், சொல்லு" என்பார். நான் உட்கார்ந்து சொல்வேன். எலும்பில் மூன்று பாய்மரக் கப்பல் செய்கிறான். சக கைதிகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறான். அவனுக்கு மீசை வந்துவிட்டது. ஒரு முட்டைக்காரப் பெண் கம்பி வழியாக அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். உங்கள் அப்பா கேள்வி கேட்பார். அவள் முடி என்ன நிறம், அவன் என்ன பதில் சொன்னான். நான் யோசித்து மறுநாள் சொல்வேன். அவர் கேட்டதால்தான் இத்தனையும் நடந்தது. நானாக இவ்வளவு நினைத்திருக்கமாட்டேன்.

ஒரு கோடையில் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தவர், "மதில்ல உன் கொடி இந்த வருஷம் நல்லாப் பூத்திருக்கு, ஒடீல்" என்றார். "மழை நல்லாப் பெய்ஞ்சிருக்கு" என்றேன்.

ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டின் கடைசியில் உங்கள் அம்மா போய்விட்டதாக நீங்கள் எழுதினீர்கள். அதையும் சொல்லவில்லை. ஒரு சாவை மறைத்துவிட்ட வீட்டில் இரண்டாவதை மறைக்க அவ்வளவு சிரமமில்லை. உங்கள் அம்மா கடைசிவரை வாசல் பக்கம் காது வைத்திருந்தார்கள் என்று சொன்னீர்கள். நான் அவர்களைப் பார்த்ததில்லை. ஆனால் என் பிள்ளைக்காக அந்தப் பனியில் இரண்டாம் நாளும் நின்றவர்கள் அவர்கள்தான் என்பது எனக்கு மறக்கவில்லை. அவர்களுக்காக ஞாயிறுதோறும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்.

இந்த வருடம் ஜனவரியில் ரஷ்யர்களும் பிரஷ்யர்களும் எல்லையைத் தாண்டிவிட்டார்கள். கைதிகள் எல்லோரும் இரண்டு நாளில் ஊரைவிட்டு மேற்கே நடக்க வேண்டும் என்று முரசறைந்தார்கள். முழங்காலளவு பனி. அந்த மாதம் கால் ஓரளவு நன்றாகத்தான் இருந்தது. நானும் களைத்துப்போயிருந்தேன், தடவி ஐந்து வாரமாகியிருந்தது. உங்கள் அப்பா கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டிப் பார்த்தார்.

"நடந்துடுவேன், ஒடீல். மேற்கே போறது கடல் பக்கம் போற மாதிரி. சமாதானம் வந்தா நான்தான் முதல்ல கப்பல் ஏறுவேன்."

"இந்தப் பனியிலயா? ரெண்டாவது ஊர்லயே விழுந்துடுவீங்க."

"விழுந்தா விழறேன். பத்து வருஷமாச்சு. என் பொண்ணுக்கு என் முகம் மறந்திருக்கும்."

அவர் சொன்னது சரியான வாதமில்லை. பனியில் செத்துப்போயிருப்பார். நடந்தவர்களில் பலர் செத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவரைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று நான் சொன்னால் அதை யாராலும் மறுக்க முடியாது. படுத்த படுக்கையாக இருப்பவர்களை மட்டும் விட்டுப்போகலாம் என்று உத்தரவு. இரண்டு நாள்தான் இருந்தது. ஆகவே கொஞ்சமாகத் தடவிப் பயனில்லை. இருந்த இலை முழுவதையும் காய்ச்சிச் சுண்டவைத்துக் கெட்டியாக அப்பினேன். கடைசிச் சட்டையைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன்.

"இன்னிக்கு ரொம்ப எரியுதே" என்றார்.

"நடக்கணும்னா நல்லாக் கட்டணும், ஐயா."

என்னைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பூட்ஸைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, கட்டுவதற்கு வாகாகக் காலைத் தானே இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

சோதிக்க வந்த சார்ஜன்ட் கதவருகிலேயே நின்று தலையாட்டிவிட்டுப் போனான். கைதிகள் போய்விட்டார்கள். தெரு காலியாகிவிட்டது. நான் கட்டை அவிழ்த்தபோது கால் கறுத்திருந்தது. ஊரில் டாக்டர் ஒருவரும் இல்லை. பலரைப் படையோடு கொண்டுபோய்விட்டார்கள். இருந்தவர்கள் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கிடந்தார்கள். கறுப்பு முழங்காலைத் தாண்டி மேலே ஏறியது. பதினெட்டு நாள் கிடந்தார். நான் கழுவினேன், ஊட்டினேன், துணி மாற்றினேன். அக்கம்பக்கத்தவர்கள் சொன்னதை நீங்கள் கேட்டீர்கள். அதில் ஒன்றும் பொய்யில்லை. கூடப்பிறந்தவள்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டாள்.

குளிரும் பழைய புண்ணும் சேர்ந்து கொண்டுபோய்விட்டன என்று உங்களிடம் சொன்னேன். அப்படியில்லை. நான்தான் கொன்றேன். ஒரே நாளில் இல்லை. நாலு வருடத்தில்.

கடைசி நாள் காலையில் ஜுரம் விட்டுத் தெளிவாக இருந்தார். சூப்பை இரண்டு கரண்டி குடித்தார். நான் வழக்கம்போலப் பக்கத்தில் உட்கார்ந்து, ரெமியின் சிறையில் எல்லோரும் சமாதானத்தைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்களாம் என்று தொடங்கினேன். அவர் என் கையின்மேல் கையை வைத்தார்.

"ரெமி போயிட்டான்னு எனக்குத் தெரியும், ஒடீல்."

நான் சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"அந்த வருஷம் கோடையிலயே தெரியும். கிளிமோன்னு எங்க ஊர்க் கப்பல்காரர் ஒருத்தரைப் பிடிச்சுட்டு வந்து ஒரு நாள் இங்க நிறுத்தினாங்களே. நீ ஆத்துக்குத் துணி அலசப் போயிருந்தே. அவர் சம்சாரம் அந்தச் சிறை வாசல்ல முட்டை விக்கிறவங்க. அவர்தான் சொன்னார்."

"அப்புறம் எதுக்கு நாலு வருஷமா அவனைப் பத்திக் கேட்டீங்க?"

மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார், "சொல்றப்ப உன் முகம் நல்லா இருக்கும்."

மதியத்துக்குள் போய்விட்டார். ஏப்ரலில் சமாதானம் வந்தது. மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

முப்பத்தொரு கடிதத்தையும் பிரிக்காமல் அனுப்புகிறேன். உள்ளே என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. பெரும்பாலும் சாப்பாடு, வானிலை, உங்களைப் பற்றிய விசாரிப்பு இவ்வளவுதான் இருக்கும். என்னைத் தண்டிக்க வேண்டுமென்று நீங்கள் நினைத்தால் யாருக்கு எழுத வேண்டுமோ எழுதுங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன். ஒன்றை மட்டும் உங்கள் மனநிம்மதிக்காகச் சொல்லி முடிக்கிறேன். காலுக்கு நான் செய்தது உங்கள் அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. தெரிந்திருந்தால் என்னிடம் ஒரு வார்த்தையாவது கேட்டிருப்பார். அவர் எதையும் மனசுக்குள் மறைத்துவைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர்.